வெளியூரில் சிநேகம்

(வெளியூர்களுக்கும் வெளிநாடுகளுக்கும் வேலைக்குப் போக இருக்கும் வாலிபர்களுக்காக ஒரு வாசகசாலையில் கூட்டப்பட்ட கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இந்த ஊரிலிருந்தும் சுற்றுப்பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் பல வாலிபர்கள் மும்பைக்கும், பெங்களூருக்கும், சிங்கப்பூருக்கும், அரபு நாடுகளுக்கும் வேலைக்குப் போக இருக்கிறார்கள் என்றும், அவர்களுக்குப் பிரயோஜனப்படும்படியாக ஏதாவது பேச வேண்டும் என்றும் இந்த வாசகசாலைத் தோழர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவனல்ல. கிடைத்த புஸ்தகங்களைப் படித்தும், கண்ணால் கண்டவற்றைக் கொண்டும் எனக்குத் தோன்றுகிற அபிப்பிராயங்களைச் சொல்லுகிறேன். சரி என்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

வெளியூர் போகிறவனுக்கு நம் நாட்டில் புத்தி சொல்ல ஆட்களுக்குக் குறைவில்லை. தகப்பனார், "பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்" என்கிறார். தாயார், "வேளைக்குச் சாப்பிடு" என்கிறார். ஜோசியர் நல்ல நாள் பார்த்துச் சொல்லித் தட்சணை வாங்கிக்கொள்ளுகிறார். ஏஜெண்டு கையெழுத்து வாங்கிக்கொண்டு கமிஷனையும் வாங்கிக்கொள்ளுகிறார். ஆனால், "அப்பா, போன இடத்தில் உனக்கு மனிதர் யார்? அங்கே யாரோடு பேசுவாய்? உடம்புக்கு வந்தால் யாரைக் கூப்பிடுவாய்?" என்று ஒருவராவது கேட்கிறார்களா? கேட்பதில்லை. அதனால்தான் இன்று அந்த ஒரு விஷயத்தைப் பற்றியே பேசலாமென்று வந்திருக்கிறேன்.

"இது என்ன பெரிய விஷயம்? வயிற்றுப் பிழைப்புக்குப் போகிறவனுக்குச் சிநேகிதன் எதற்கு? வேலையைப் பார்த்தோம், பணத்தை அனுப்பினோம் என்று இருக்க வேண்டியதுதானே?" என்று சிலர் கேட்கலாம். அப்படிக் கேட்பவர்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். புதிய ஊரில் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டால் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது யார்? மேஸ்திரி இரண்டு மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டால், எங்கே போய் மனுக் கொடுப்பது என்று சொல்லித் தருவது யார்? இரவில் தூக்கம் வராமல், ஊர் ஞாபகம் வந்து மனம் உடைகிற போது, "வாடா, ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்" என்று கூப்பிடுவது யார்? அப்படி ஒருவரும் இல்லாதவன் கடைசியில் போய்ச் சேருகிற இடங்கள் மூன்றுதான். ஒன்று சாராயக்கடை, இரண்டு வட்டிக்காரன், மூன்று எவனோ ஒரு தரகன். வெளியூர் போய் வாழ்ந்தவர்களையும் கெட்டவர்களையும் நீங்களே உங்கள் ஊரில் எண்ணிப் பாருங்கள். வேலை தெரியாமல் கெட்டவர்கள் அதிகமா, ஆள் துணை இல்லாமல் கெட்டவர்கள் அதிகமா என்பது விளங்கும்.

நான் சொல்லுவதை விடுங்கள். 2010-ம் வருஷத்தில் அமெரிக்காவில் சில ஆராய்ச்சிக்காரர்கள், அதற்கு முன் நடந்த 148 ஆராய்ச்சிகளை ஒன்றாகச் சேர்த்து, 3 லட்சத்து 8 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்களின் கணக்கைப் பார்த்தார்கள். மனித உறவு பலமாக உள்ளவர்கள் உயிரோடு இருப்பதற்கான வாய்ப்பு, அந்த உறவு பலமில்லாதவர்களைவிட 50 சதவிகிதம் அதிகம் என்று அதில் ஏற்பட்டது. 2025-ம் வருஷத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட அறிக்கையில், உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் தனிமையினால் வாடுகிறார் என்றும், வருஷத்துக்கு 8 லட்சத்து 71 ஆயிரத்துக்கு மேற்பட்ட சாவுகளுக்குத் தனிமை சம்பந்தப்பட்டிருக்கிறது என்றும் கண்டிருக்கிறது. அதாவது மணிக்கு நூறு சாவு. ஆகவே சிநேகம் என்பது வயிறு நிறைந்தவன் பொழுதுபோக்குக்காகத் தேடுகிற சமாச்சாரமல்ல. சோறும் தண்ணீரும் போலத் தொழிலாளிக்கு வேண்டியதுதான்.

சரி, அப்படிப்பட்ட சிநேகம் எப்படி உண்டாகிறது? நம் ஜனங்களைக் கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். ஒரு சாரார், "அதெல்லாம் பூர்வஜன்ம பந்தம். விட்டகுறை தொட்டகுறை இருந்தால்தான் சேரும்" என்பார்கள். மற்றொரு சாரார், "இனம் இனத்தோடுதான் சேரும். ரத்தம் ரத்தத்தைத்தான் இழுக்கும். என்ன இருந்தாலும் நம்மாள் நம்மாள்தான்" என்பார்கள். முதல் பதிலை நம்புகிறவன், விதி வந்து சிநேகிதனைக் கொண்டுவரும் என்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பான். இரண்டாவது பதிலை நம்புகிறவன், போன ஊரில் தன் ஜாதிக்காரன் எங்கே இருக்கிறான் என்று விசாரித்து அந்த ரூமில் போய் அடைந்துகொள்வான். இரண்டு பேரும் புதிய ஊரைப் பார்க்காமலே திரும்பி வருவார்கள்.

இவை உண்மையா என்று பரீட்சித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது உலக யுத்தம் முடிந்து பட்டாளத்திலிருந்து திரும்பிய வாலிபர்கள், அமெரிக்காவில் ஒரு பெரிய தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து படித்தார்கள். கலியாணமானவர்களுக்கென்று அந்தக் கல்லூரியார் வெஸ்ட்கேட் என்ற குடியிருப்பைக் கட்டிக் கொடுத்தார்கள். அங்கே எந்தக் குடும்பத்துக்கு எந்த வீடு என்பது அவர்கள் விருப்பமல்ல; காலியான வீடு வந்தவருக்குக் கொடுக்கப்பட்டது. முன்பின் தெரியாதவர்கள்தான் அதிகம். அவர்களில் யாருக்கு யார் சிநேகிதர் ஆனார்கள் என்பதை பெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் என்ற மூன்று பேர் கணக்கெடுத்து 1950-ல் புஸ்தகமாக வெளியிட்டார்கள். அங்கே ஒரே மாடியில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களில் 41 சதவிகிதம் பேர் நெருங்கிய சிநேகிதர்கள். ஒரு வீடு தள்ளியிருந்தால் 22 சதவிகிதம். அதே மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக இருந்தால் 10 சதவிகிதம். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் எத்தனை தூரம்? சில கெஜ தூரம்தான். மாடிப்படி அருகிலும் தபால்பெட்டி அருகிலும் இருந்தவர்களுக்கு மாடியிலும் கீழேயும் சிநேகிதர்கள் அதிகம். ஏன்? எல்லோரும் அந்த வழியாகப் போய்வர வேண்டியிருந்தது, முகம் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள். அமெரிக்காவில் மேரிலாண்டு மாகாணத்துப் போலீஸ் பயிற்சிப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்தவர்களைப் பெயரின் முதல் எழுத்து வரிசைப்படி உட்கார வைத்து, அதே வரிசைப்படி தங்கவும் வைத்தார்கள். 1974-ல் வெளியான ஆராய்ச்சியில், அவர்களுக்குள் யார் யாருக்குச் சிநேகிதர் என்று பார்த்ததில், எழுத்து வரிசையில் பக்கத்தில் இருந்தவர்களே பெரும்பாலும் சிநேகிதர்கள். பூர்வஜன்ம பந்தம் அகரவரிசைப்படி வருமா? ரத்த பாசம் ஆஜர் பட்டியலைப் பார்த்து உண்டாகுமா? யோசித்துப் பாருங்கள்.

இப்பொழுது நம் கிராமத்துக்கு வாருங்கள். நம் கிராமத்தில் வீடுகள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன? அக்கிரகாரம் ஒரு பக்கம், மற்ற ஜாதியாருக்கு ஜாதிக்கொரு தெரு, ஓடைக்கு அந்தப் பக்கம் சேரி. பிறந்த குழந்தை முதல் இருபது வருஷம் யார் முகத்தைத் தினம் பார்க்கிறது? தன் தெருக்காரன் முகத்தைத்தான். யாரோடு குளிக்கிறது, யாரோடு விளையாடுகிறது? தன் தெருக்காரனோடுதான். இருபது வருஷம் இப்படி அடைத்து வைத்துவிட்டு, அப்புறம், "பார், இனம் இனத்தோடுதான் சேருகிறது" என்றால், இது என்ன நியாயம்? ஆட்டையும் மாட்டையும் தனித்தனிப் பட்டியில் கட்டி வைத்துவிட்டு, ஆடு ஆட்டோடுதான் படுக்கிறது என்று ஆச்சரியப்படுவது போலத்தானே இது? தெரு செய்த காரியத்தை ரத்தம் செய்ததாகச் சொல்லி நம்மை நம்பும்படி செய்துவிட்டார்கள். இதை உணர்ந்துதான் 1998-ல் மதுரை ஜில்லா மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் ஏற்பட்டபோது, பல ஜாதியாரும் கலந்து குடியிருக்கும்படியாக 100 வீடுகள் கட்டப்பட்டன. மனதை மாற்ற வேண்டுமானால் வாசற்படியையும் மாற்ற வேண்டியிருக்கிறது.

ஆகவே வெளியூர் போகிற வாலிபனே, உனக்குக் கிடைத்திருப்பது சாதாரணச் சந்தர்ப்பமல்ல. உன் பாட்டனும் பூட்டனும் எந்தத் தெருவில் பிறந்தார்களோ அந்தத் தெருவிலேயே செத்தார்கள். நீதான் முதல்முதலாக அந்தத் தெருவை விட்டு வெளியே போகிறாய். உன் பக்கத்துக் கட்டிலில் படுப்பவன் யார் என்பதை உன் ஜாதி தீர்மானிக்காத இடத்துக்குப் போகிறாய். அங்கேயும் போய் உன் பழைய தெருவையே தேடிப் பிடித்துக் குடிபோனால், ரயில் கூலியும் கப்பல் கூலியும் கொடுத்து உன் தெருவுக்கே போய்ச் சேர்ந்தவனாவாய்.

"அதெல்லாம் சரி, ஆபத்துக்கு உதவுகிறவன் நம் ஆள்தானே? தெரியாத ஊரில் நம் சொந்தக்காரன் பின்னால் போனால்தானே பாதுகாப்பு?" என்று சொல்லுவீர்கள். சொந்தக்காரன் உதவ மாட்டான் என்று நான் சொல்ல வரவில்லை. போன உடனே படுக்க இடம் கொடுப்பவன் பெரும்பாலும் அவன்தான். அதற்கு நன்றி செலுத்த வேண்டியதுதான். ஆனால் அவனை மாத்திரம் நம்பியிருப்பது பாதுகாப்பா என்பதற்குச் சரித்திரம் இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலேயா ரப்பர் தோட்டத்துக்கும் நம் ஜனங்கள் எப்படிப் போனார்கள்? கங்காணி பின்னால் போனார்கள். கங்காணி என்பவன் யார்? அன்னியனா? அல்ல. பெரும்பாலும் தன் கிராமத்துக்கே வந்து, தன் உறவு ஜனங்களையும் தெரிந்த ஜனங்களையும் ஆள் கட்டிக்கொண்டு போனவன். அவனுக்கு ஆள் ஒன்றுக்குக் கமிஷன் உண்டு. ஆட்கள் வேலைக்கு வந்த நாளைக்கெல்லாம் தலைக்காசு உண்டு. வழிச்செலவும் முன்பணமும் தொழிலாளி தலையில் கடனாக ஏறும். இலங்கையில் அந்தக் கடன் தொகையைத் 'துண்டு' என்ற சீட்டில் எழுதுவார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் அந்தத் துண்டு கூடவே போகும். 1921-ல் சட்டம் போட்டுத்தான் அந்தத் துண்டு ஒழிந்தது. மலேயாவுக்குக் கங்காணி மூலம் ஆள் போவது, 1938-ல் இந்திய அரசாங்கம் தடை விதித்த பிறகுதான் நின்றது. தோட்டத்தில் லயத்துக்குள்ளேயே பிறந்து, கங்காணியைத் தவிர வெளி மனிதன் ஒருவனையும் தெரியாமல் இருந்த தொழிலாளிக்கு, அவன் சொன்னதுதான் கூலி, அவன் எழுதினதுதான் கணக்கு. 'நம்மாள்' ஒருவனை மாத்திரம் தெரிந்திருப்பதன் பலன் அதுதான். இன்றைக்கும் கங்காணி பெயர் மாறி மேஸ்திரி என்றும் சப்-ஏஜெண்டு என்றும் உலாவுகிறான். வெளி மனிதன் ஒருவனையாவது தெரிந்து வைத்திருப்பவனிடம் அவன் வாலை ஆட்ட முடியாது.

என் அனுபவத்தில் ஒன்று சொல்லுகிறேன். நான் வாலிபத்தில் மும்பையில் ஒரு பட்டறையில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். தாராவியில் ஒரு ரூமில் ஒன்பது பேர் இருந்தோம். என்னைத் தவிர எட்டுப் பேரும் ஒரே ஊர், ஒரே ஜாதி. ஒரு நாள் நடுராத்திரி எங்களில் ஒருவருக்குக் கடுங்காய்ச்சல். நினைவு தப்பிவிட்டது. மற்ற ஏழு சொந்தக்காரர்களும் சுற்றி உட்கார்ந்து அழுதார்களே ஒழிய, வண்டி எங்கே கிடைக்கும், ஆஸ்பத்திரியில் யாரிடம் என்ன பாஷையில் பேசுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பக்கத்து மாடியில் தையல் வேலை செய்துகொண்டிருந்த உத்தரப் பிரதேசத்து முஸ்லிம் தோழர் ஒருவரோடு எனக்கு டீக்கடைப் பழக்கம். அவரை எழுப்பினேன். அவர்தான் வண்டி பிடித்து, சயான் ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்து, சீட்டு எழுதிக் கொடுத்து, விடியும் வரையில் இருந்தார். எங்கள் எட்டுப் பேருக்கும் அன்பு இல்லையா? இருந்தது. ஆனால் எட்டுப் பேருக்கும் தெரிந்தது ஒன்றேதான். ஒருவனுக்குத் தெரியாதது மற்றவனுக்கும் தெரியாது. ஒரே கிணற்றில் எட்டுக் குடம் முக்கினாலும் ஒரே தண்ணீர்தானே வரும்?

இதையும் ஒருவர் ஆராய்ந்திருக்கிறார். மார்க் கிரானோவெட்டர் என்பவர் 1973-ல் எழுதியது. அமெரிக்காவில் ஒரு நகரத்தில், தெரிந்தவர் மூலமாக வேலை கிடைத்தவர்களைக் கேட்டார். அந்த ஆளை அடிக்கடி பார்ப்பதுண்டு என்றவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேர் கூட இல்லை. மற்றவர்களெல்லாம், எப்பொழுதாவது பார்ப்பேன் அல்லது அபூர்வமாகப் பார்ப்பேன் என்றார்கள். நெருங்கியவனுக்கு அன்பு அதிகம். ஆனால் தூரத்துப் பழக்கக்காரனுக்கு நமக்குத் தெரியாத சமாச்சாரம் தெரியும். இரண்டு பேரும் வேண்டும்.

நிற்க. இப்பொழுது காரியத்துக்கு வருவோம். சிநேகம் உண்டாக எவ்வளவு நாள் பிடிக்கும்? இதற்கும் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் கான்சாஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜெப்ரி ஹால் என்பவர் 2018-ல் வெளியிட்டது. புதிதாக ஊர் மாறி ஆறு மாதத்துக்குள்ளான 355 பேரையும், புதிதாகச் சர்வகலாசாலைக்கு வந்த மாணவர்களையும் விசாரித்தார். வெறும் தெரிந்தவன் ஓரளவு சிநேகிதனாக ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும். சிநேகிதன் என்று சொல்ல 90 மணி நேரம். உயிர்ச் சிநேகிதனாக 200 மணி நேரத்துக்கு மேல். அதோடு இன்னொன்றும் கண்டார். ஒரே இடத்தில் வேலை செய்கிற நேரம் இதில் அவ்வளவாகச் சேராது. வேலைக்கு வெளியே சேர்ந்து பேசுவதும், சிரிப்பதும், விளையாடுவதும்தான் சேரும். பத்து வருஷம் ஒரே மிஷினுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் ஒருவர் வீட்டை ஒருவர் அறியாமலே இருப்பது ஏன் என்பது இதனால் விளங்குகிறதல்லவா?

இதை நம் கணக்காகப் போட்டுப் பாருங்கள். தினம் வேலை விட்டதும் ஒருவரோடு அரைமணி நேரம் டீக்கடையில் உட்கார்ந்தால், நூறு நாளில் 50 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைதோறும் நாலு மணி நேரம் சேர்ந்து மார்க்கெட்டுக்குப் போவதும், சமைத்துச் சாப்பிடுவதும், பந்து விளையாடுவதுமாக இருந்தால், 50 வாரத்தில் 200 மணி நேரம். அதாவது ஒரு வருஷத்தில் உனக்கு ஓர் உயிர்ச் சிநேகிதன். "12 மணி நேரம் வேலை செய்கிறவனுக்கு நேரம் ஏது?" என்று கேட்டால், அதே ஆள் ராத்திரி கட்டிலில் படுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் செல்போனைப் பார்க்கிறான். நூறு ராத்திரியில் அதுவும் 200 மணி நேரம்தான். செல்போன் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. பெண்டாட்டி பிள்ளைகளோடும் தாய் தகப்பனோடும் பேச அது வேண்டியதுதான். ஆனால் காய்ச்சலில் கிடக்கிறவன் வாயில் அது கஞ்சி ஊற்றாது.

"எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவன் என்ன நினைப்பானோ?" என்பது அடுத்த தடை. 2014-ல் சிகாகோ நகரத்தில் ரயில் பிரயாணிகளைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். பக்கத்தில் இருக்கும் அன்னியரோடு பேசிக்கொண்டு போனால் பிரயாணம் கசப்பாக இருக்கும் என்றே ஜனங்கள் எதிர்பார்த்தார்கள். ஆனால் உண்மையில் பேசிக்கொண்டு போனவர்கள்தான், சும்மா போனவர்களைவிட மகிழ்ச்சியாகப் போனார்கள். 2018-ல் வந்த மற்றோர் ஆராய்ச்சியில், முதல்முதலாகப் பேசிப் பிரிந்த இரண்டு பேரையும் தனித்தனியே கேட்டார்கள். ஒவ்வொருவரும், "அவருக்கு என்னை அவ்வளவாகப் பிடித்திருக்காது" என்றே நினைத்தார்கள். ஆனால் அவர்கள் நினைத்ததைவிட மற்றவருக்கு அவர்களை அதிகமாகவே பிடித்திருந்தது. பேயில்லாத புளியமரத்துக்குப் பயந்து சுற்றுவழி போகிறவனுக்கும், "அவன் என்ன நினைப்பானோ" என்று வாயை மூடிக்கொண்டிருப்பவனுக்கும் என்ன வித்தியாசம்? இருவருக்கும் பயத்துக்கு ஆதாரம் தங்கள் மனதுதான்.

"பாஷை தெரியாதே" என்கிறீர்கள். பாஷை தெரிந்த பிறகு பேசலாம் என்பது நீந்தத் தெரிந்த பிறகு தண்ணீரில் இறங்கலாம் என்பது போல. பெயர் என்ன, எந்த ஊர், சாப்பிட்டாயா, இது என்ன விலை, எனக்கு உடம்பு சரியில்லை, உதவி செய், நன்றி என்று பத்து வார்த்தைகளைப் போகும்போதே எழுதிக்கொண்டு போங்கள். மற்றதை அவனிடமே கேளுங்கள். தன் பாஷையைச் சொல்லித்தரும்படி கேட்டால் சந்தோஷப்படாத மனிதனை நான் இதுவரை பார்த்ததில்லை.

"ஏமாற்றிவிட்டால்?" என்பது நியாயமான கேள்வி. சிநேகம் என்பதற்காக யாரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டும் என்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு நம்புவது எந்த விஷயத்திலும் கூடாது. உங்கள் பாஸ்போர்ட்டையும், பாங்குக் கார்டையும், அதன் ரகசிய எண்ணையும் எவ்வளவு நெருங்கியவனிடமும் கொடுக்காதீர்கள். ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள். சிறு காரியத்தில் பரீட்சித்துப் பெரிய காரியத்துக்குப் போங்கள். பத்து ரூபாய்க் கணக்கில் நாணயமாக இருக்கிறானா, சொன்ன நேரத்துக்கு வருகிறானா, இல்லாதவனைப் பற்றி என்ன பேசுகிறான் என்று பாருங்கள். அவனும் உங்களை அப்படியே பார்த்துக்கொண்டிருப்பான் என்பதையும் மறவாதீர்கள். இந்த ஜாக்கிரதை அன்னியனிடம் மாத்திரமல்ல, சொந்தக்காரனிடமும் வேண்டும்.

செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். வாசகசாலையானாலும், விளையாட்டு மைதானமானாலும், டீக்கடையானாலும் சரி. முகம் பழகாமல் மனம் பழகாது. இரண்டாவது, முதல் வார்த்தை உங்களுடையதாக இருக்கட்டும். எல்லோரும் மற்றவன் பேசட்டும் என்று காத்திருந்தால் சத்திரத்தில் படுத்திருப்பவர்கள் போலத்தான் இருக்க வேண்டும். மூன்றாவது, சின்ன உதவி செய்யுங்கள். சின்ன உதவி கேட்கவும் கேளுங்கள். உதவி கேட்பது கௌரவக் குறைவல்ல. மற்றவனை மதிக்கிறேன் என்பதற்கு அது ஓர் அடையாளம். நாலாவது, சேர்ந்து சாப்பிடுங்கள். யார் சமைத்தது, யார் தொட்டது என்ற கேள்வியை ஊர் எல்லையிலேயே விட்டுவிட்டுப் போங்கள். ஐந்தாவது, உங்கள் சிநேகிதர்களில் ஒருவராவது உங்கள் ஊரும் ஜாதியும் பாஷையும் மதமும் அல்லாதவராக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

"பழகப் பழகப் பாலும் புளிக்கும்" என்று ஒரு பழமொழி சொல்லிப் பயமுறுத்துவார்கள். பால் புளித்தால் தயிர் ஆகும். தயிரும் சாப்பாட்டுக்கு ஆகிறதுதானே!

தோழர்களே! இதுவரை வாலிபர்களுக்குச் சொன்னேன். ஆனால் ஊர் மாறிப் போகிறவர்கள் என்றால் ஆண்பிள்ளைகளைத்தான் நினைக்கிறோம். அது பெரிய பிசகு. 2011-ம் வருஷத்து ஜனக்கணக்குப்படி இந்தியாவில் இருந்த இடத்தை விட்டு வேறிடத்துக்கு வந்து குடியிருந்தவர்கள் 45 கோடிக்கு மேல். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். அவர்கள் சொன்ன காரணங்களில் முதலாவது காரணம் கலியாணம். ஆண் போனால் மாலை போட்டு வழியனுப்புகிறோம். எப்பொழுது திரும்பி வருவாய் என்று கேட்கிறோம். பெண்ணை அனுப்பும்போது, திரும்பி வராதே என்று சொல்லி அனுப்புகிறோம். பத்து வயதில் கூடப் பாண்டி ஆடினவளும், பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவளும் அவளுக்கு அன்றோடு சரி. புது ஊரில் அவள் வாசற்படியில் நின்று பக்கத்து வீட்டுக்காரியோடு பத்து நிமிஷம் பேசினால், "வம்பு பேசுகிறாள்" என்கிறோம். அதே பேச்சை ஆண்கள் டீக்கடையில் பேசினால் அதற்குப் பெயர் அரசியல்! தாய்மார்களே, உங்கள் மருமகள் புது ஊருக்கு வந்த அன்னியள். நீங்களும் ஒரு காலத்தில் அப்படி வந்தவர்கள்தான். அவளை மகளிர் குழுவுக்குப் போகவிடுங்கள், வாசகசாலைக்கு வரவிடுங்கள், அவளுடைய பழைய சிநேகிதிகள் அவளைத் தேடி வந்தால் உட்கார வைத்துக் காப்பி கொடுங்கள். அவளுக்கு ஆபத்து வந்தால், அது வீட்டுக்குள்ளேயே வந்தாலும், அவள் ஓடிப்போய்ச் சொல்ல வெளியே ஒரு மனுஷி வேண்டும்.

கடைசியாக, ஊரிலேயே இருக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பிள்ளைகள் வெளியே போவது போலவே, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிறர் பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும், கோவை பட்டறைகளுக்கும், சென்னைக் கட்டட வேலைகளுக்கும் வந்திருக்கிறார்கள். 2023-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் என்ன நடந்தது? தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடிக்கிறார்கள், கொல்லுகிறார்கள் என்று பொய்யான படங்கள் செல்போனில் பரவின. அவை பொய் என்று போலீசார் சொன்னார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் வந்து நேரில் விசாரித்தார்கள். அப்படியிருந்தும் பயந்து ஊருக்கு ரயில் ஏறினவர்கள் உண்டு. ஏன் பயந்தார்கள்? பல வருஷம் நம் தெருவில் இருந்தும், "அண்ணா, இது நிஜமா?" என்று கேட்க ஒரு தமிழன் அவர்களில் பலருக்கு இல்லை. நாம் அவனை 'வடக்கன்' என்றோமே தவிர, அவன் பெயரைக் கேட்டோமா? வாடகைக்கு வீடு கேட்டு வந்தவனை, என்ன ஜாதி, என்ன சாப்பிடுவாய் என்று கேட்டோம். நம் பிள்ளையை மும்பையிலும் துபாயிலும் அப்படிக் கேட்டால் நமக்குச் சுடுமா, சுடாதா? நம் பிள்ளைக்கு எந்த மரியாதையை எதிர்பார்க்கிறோமோ, அந்த மரியாதையை இங்கே வந்திருக்கிறவனுக்குக் கொடுப்பதுதான் யோக்கியமான காரியம்.

ஆகவே தோழர்களே! சிநேகம் விதியால் வருவதல்ல, ரத்தத்தால் வருவதுமல்ல. பக்கத்தில் இருப்பதாலும், திரும்பத் திரும்பப் பார்ப்பதாலும், நேரம் கொடுப்பதாலும் வருவது. விதியை நாம் மாற்ற முடியாது என்பார்கள். ஆனால் எங்கே உட்காருவது, யாரோடு டீ குடிப்பது, யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்பதை நாம் மாற்றிக்கொள்ளலாம். நான் சொன்னதற்காக நம்ப வேண்டாம். போன இடத்தில் நூறு நாள், தினம் அரைமணி நேரம் செய்து பாருங்கள். பலன் இருந்தாலும், இல்லாவிட்டாலும், உள்ளது உள்ளபடி இந்த வாசகசாலைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அடுத்த வருஷம் போக இருக்கிற வாலிபர்களுக்கு அதைப் படித்துக் காட்டச் சொல்லலாம்.